மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி

ஹாப்சாலு. மார்ச். கடல் இந்த ஆண்டும் உறையவில்லை.
மாரிகா வாஹெர் ஈரக் காலணியோடு உள்ளே வந்து
பென் டிரைவை மேசையில் வைத்தார்.
ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டுமாம்,
துறைமுகக் காத்திருப்பு அறையின் சுவருக்கு.

திறந்து பார்த்தேன்.
முழுக்க வெள்ளை.
ஹியுமா தீவுக்குப் போகும் பனிச்சாலை,
ஓரம் காட்ட நட்ட ஜூனிப்பர் கிளைகள்,
மேலே, தொலைவில், கடுகளவு ஒரு கார்.

"இவ்வளவு வெறுமைக்கும் மை ஆகுமா?"

ஆகாது என்றேன்.
என் இயந்திரத்தில் பன்னிரண்டு புட்டிகள்,
சாம்பல் நிறத்தில் மட்டும் மூன்று,
வெள்ளை ஒன்றுகூட இல்லை.
பனி கிடக்கும் இடத்தில் நான் எதுவும் செய்வதில்லை.
அச்சுத்தலை அதன்மேல் சும்மா போய்வரும்.
சுவரில் நீங்கள் பார்க்கப்போகும் கடல்
தாள்தான்.

"அப்படியானால் விலையைக் குறை."

மாதிரிப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
முதல் தாள் நீலம் போட்டு அலசிய வெள்ளை;
குழல் விளக்கில் கூசும், சில வருஷத்தில் பழுக்கும்.
விரலால் தட்டிப் பார்த்தார்.
"இது ஜனவரி. மைனஸ் பதினைந்து."
அடுத்தது பருத்தி, முந்நூற்றுப் பத்து கிராம்,
பாலேடு நிறம், நூறாண்டு நிற்கும் என்று
என் வியாபாரக் குரலில் தொடங்கினேன்.
அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.
"ஏப்ரல் மாதப் பனி. இதன்மேல்
ஒரு சைக்கிளைக்கூட விட்டிருக்க மாட்டேன்."

பன்னிரண்டு குளிர்காலம் கரையில் நின்றவர்.
இருபத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால்
தடுப்புக் கம்பத்தைத் தூக்காதவர்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி.
ஒவ்வொரு கண்ணாடியிலும் குனிந்து
பெல்ட்டைக் கழற்று, கதவைப் பூட்டாதே என்றவர்.
கிராம் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை.
"தடிமனைச் சொல்" என்றார்.
அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்றதும்
முதல்முறையாகச் சிரித்தார்.

மினுங்கும் தாளை நான் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அதில் கறுப்புக்குக் கறுப்பு.
கிளைகள் ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தின.
அவர் அதை ஜன்னலருகே கொண்டுபோனார்;
பனிக்கு நடுவே ஒரு விளக்குக் கம்பம் முளைத்தது,
யாரோ நாயோடு கடந்தார்கள்.
"அந்த அறையில் எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
படகுத்துறை அங்கேதான்."
தாளைத் திருப்பித் தந்தார்.
"இந்தச் சாலையில் கப்பல் வரக்கூடாது."

மிஞ்சியது ஒரு மேட் தாள், பெயர்கூட ஒழுங்காக இல்லாதது.
சாயமேற்றாத வெள்ளை, அதே சமயம் குளிர்ந்த வெள்ளை.
கறுப்பு இதில் கரியாகிவிடும், கிளைகள் மங்கும் என்றேன்.
"மங்கட்டும். அன்று மூடுபனி."
படத்தில் மூடுபனி இல்லையே?
"நான் நின்ற இடத்தில் இருந்தது."

அறுபது அங்குல ரோலின் கடைசிச் சுற்றுகள்;
புதியது வெள்ளிக்கிழமைதான் வரும்.
இருப்பதை மாட்டினேன். தவறு என்னுடையது.
வானம் வந்தது, அதாவது எதுவும் வரவில்லை.
பிறகு கார். முதல் கிளைகள்.
ஓரம் சுருண்டு எழும்பியதை நான் பார்க்கும் முன்
தலை உரசிப்
பனியின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு கிழித்தது.

மாரிகா கையை நீட்டி உள்ளங்கையை நிமிர்த்தினார்,
இயந்திரத்தை நோக்கி.
நிறுத்தினேன்.
விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்து, மூக்கு படும் தூரத்தில்,
கோட்டின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்த்தார்.
"கார் தாண்டிவிட்டது" என்றார்.
கையுறைகளை மாட்டிக்கொண்டார்.
"இன்றைக்குச் சாலை மூடியாயிற்று, இந்த்ரெக்.
வெள்ளிக்கிழமை வருகிறேன்."

அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.
துடைத்தேன்.
தலையை ஒரு புள்ளி உயர்த்தி வைத்தேன்.
கிழிந்த கடலைக் கத்தரித்துத்
தரையில் விரித்து, நான்கு மூலையிலும்
நான்கு அகராதிகளை வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.